வில்லங்கம் இல்லை

பால் காய்ச்சிப் பதினொரு மாதம் கழித்து
ஒரு புதன்கிழமை, கடையில் நான் பில் போடும் நேரம்,
வங்கியிலிருந்து பேசினார்கள்.
பதினோராயிரத்து முந்நூற்று இருபத்தெட்டு.
மதிப்பீட்டாளர் வந்து போனதற்கும்
வக்கீல் பத்திரம் படித்ததற்கும்
வரியோடு சேர்த்து.
கடன் கொடுத்த அன்றே பிடித்திருக்க வேண்டியதாம்.
விட்டுப்போச்சாம்.

பஸ்ஸில் குடையை விட்டவன் மாதிரிதான் சொன்னான் பையன்.
அந்தக் குடை எங்கள் வீட்டில் இருப்பது மாதிரி.

மதிப்பீட்டாளரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.
ஊமச்சிகுளம் தாண்டி, கண்மாய்க்கரை இறக்கத்தில்
பூசாத சுவரை மூன்று போட்டோ எடுத்தார்.
நாலாவதுக்கு எங்களை நிற்கச் சொன்னார்.
மொக்கராசு காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.
பின்னால் அழகர்மலை, வெயிலில் சாம்பல் பூத்து.
கலர் வாங்கிக் கொடுத்தோம், பன்னீர் சோடா.
அதற்கு நாங்கள் யாரிடமும் பில் நீட்டவில்லை.

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த மனை அது.
ஒன்றும் இல்லை என்று சான்று வந்தது.
இன்றைக்குப் போட்டால் ஒன்று வரும்.
அதை வைத்தது நாங்கள்தான்.

"அவிங்க மறந்ததுக்கு நாம எதுக்குக் கட்டணும்?"
இட்லியைப் பிய்த்தபடி மூன்று தடவை கேட்டார் மொக்கராசு.
பிறகு பீரோவிலிருந்து அந்தக் கட்டை எடுத்து
டியூப்லைட்டுக்கு அடியில் விரித்தார்.
அறுபத்திரண்டு பக்கம்.
ஒவ்வொரு மூலையிலும் என் கையெழுத்து.
பஞ்சவர்ணம் என்று தொடங்கி
பஞ்சவ, பஞ், ப என்று
நிறம் நிறமாகக் கழன்று
கடைசியில் ஒரு புழு.
நாற்பத்தோராம் பக்கத்தை மகள் படித்துச் சொன்னாள்:
விடுபட்ட கட்டணம் எதுவானாலும்
எப்போது கேட்டாலும்.
அதற்குக் கீழேயும் அந்தப் புழு.
அவர் எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைத்தார்.
அது அவர் பழக்கமில்லை.

எனக்கு வேறொன்று ஓடியது.
தெற்கு மாசி வீதியில், பாத்திரக் கடையில்
பதினாலு வருடமாக நான் பில் போடுகிறேன்.
போன சித்திரையில், தேரோட்டத்துக் கூட்டத்தில்
ஒரு பித்தளை அண்டா பில்லில் ஏறாமல் போய்விட்டது.
வாங்கினவர் மேலூர்க்காரர், மகளுக்குச் சீர்.
நம்பர் இருந்தது. முதலாளி கூப்பிடவில்லை.
வாடிக்கையை விரட்டலாமா என்றார்.
என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தார்.

நான் மறந்தால் நான் கட்டுகிறேன்.
வங்கி மறந்தாலும் நான்.
ஊரில் உள்ள மறதிக்கெல்லாம்
என் விலாசத்தை யாரோ கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை பையனே வந்தான். பிரிட்டோவாம் பெயர்.
ஹெல்மெட்டைக் கழற்றினால் இன்னும் சின்னவன்.
எதெதற்கு எவ்வளவு, எழுத்தில் கொடுங்கள் என்றேன்.
ஒரு பைசா தள்ளுபடி கேட்பேன் என்றேன்.
பதினொரு மாதம் வட்டி எங்களிடம் மறக்காமல் வாங்கினீர்களே என்றேன்.
தலையை ஆட்டினான். தண்ணீர் குடித்தான்.
கேட் வரைக்கும் போய்த் திரும்பினான்.
"ஆடிட்ல சிக்கிருச்சு மேடம்.
உங்க ஃபைல் நான் போட்டது.
மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா..."
மீதியை ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டான்.

மீதி எனக்குத் தெரியும்.
மூன்று மாதமா, ஆறு மாதமா என்பதுதான் தெரியாது.

ராத்திரி மொக்கராசு தூங்கிய பிறகு
அந்த மேலூர்க்காரரை நினைத்துக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்குப் போய் பில்லைக் கூட்டிப் பார்த்திருப்பாரா?
பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்திருப்பாரா?
அவரை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.
இப்போது மேலூரில் நிற்பது நான்,
பில்லில் இல்லாத அண்டாவுக்குப் பக்கத்தில்.
பெரிய அண்டா. இரண்டு பக்கமும் வளையம்.
நகர்த்துவதானால்
இரண்டு ஆள் வேண்டும்.